அப்பா செய்த கிடாரும் அத்தை மகளின் காதும்

உங்களில் யார் வீட்டிலாவது கிடார் செய்திருக்கிறார்களா? வாங்கியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நம் வயதுப் பெண்கள் பிறந்த வீடுகளில் ஆர்மோனியப் பெட்டி இருந்திருக்கும், ஒன்றிரண்டு வீடுகளில் வீணை இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அப்பா ஒரு எலக்ட்ரிக் கிடாரைத் தன் கையாலேயே செய்தார். கிழக்குத் தாம்பரத்தில், கிணற்றுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில், நான் அஞ்சாவது முடித்த கோடை விடுமுறையில்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. படிப்பு அஞ்சாவதோடு சரி. நாலு பேர் நடுவில் பேசவும் வராது, அது உங்களுக்கே தெரியும். நம் பிளாட் பெண்களின் மாலைக் கூட்டத்தில் யாராவது என்னைப் பாடச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி எழுந்து போய்விடுவேன். எழுதினால் நீங்கள் படிக்கும்போது நான் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ரயில்வேயில் எலக்ட்ரிக் வேலை. வேலை முடிந்து வந்து ஒரு டம்ளர் காபியைக் குடித்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போய்விடுவார். தெருவில் யார் வீட்டு மின்விசிறி நின்றாலும், இஸ்திரிப் பெட்டி சுடாவிட்டாலும் அங்கேதான் வரும். நான் அவர் பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். ஈயம் உருகுகிற வாசனை எனக்கு மல்லிகைப்பூ வாசனையைவிடப் பிடிக்கும். அப்பா கையை நீட்டினால் குறடா, திருப்புளியா என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே மாட்டோம். எங்கள் வீட்டில் என்னைப் பேசச் சொல்லாத ஒரே இடம் அதுதான்.

கிடார் ஆசை முதலில் அண்ணனுக்கு வந்தது. அவன் காலேஜில் சேர்ந்த புதிது. அவனும் நாலைந்து சிநேகிதர்களும் சேர்ந்து மெல்லிசைக் குழு ஆரம்பிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவரின் வீட்டில் சிவப்பு நிறத்தில் ஒரு சீமைக் கிடார் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வீட்டு மின்விசிறியைச் சரிசெய்ய அப்பா ஒருநாள் போனார். சீக்கிரம் முடிய வேண்டிய வேலையைச் சாயங்காலம் வரைக்கும் இழுத்து, கிடாரை நன்றாகப் பார்த்துவிட்டு வந்தார்.

"தொட்டுப் பாக்கலாமான்னு கேட்டேன். 'நோ மேன்'னுட்டான்" என்றார் அம்மாவிடம். அவர் முகத்தில் அப்படி ஒரு கறுப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "பலகை, கம்பி, காந்தம், ஒரு காயில். அவ்ளோதான் கீது அதுல. மனுசன்தானே பண்ணான்? நானும் பண்றேன்."

அலமாரிக்குக் கதவு போடுவதற்காக அம்மா ஆசை ஆசையாகக் கேட்டு வாங்கி வைத்திருந்த தேக்குப் பலகை மறுநாளே கொட்டகைக்குப் போனது. "அலமாரிக்குக் கதவு இல்லாம துணியெல்லாம் கரப்பான் தின்னுது. இவரு கித்தார் பண்ணப் போறாராம்" என்று அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். அப்பாவுக்குக் காதில் விழாது. பலகையில் கரிக்கோடு போட்டு, இடுப்பு ஒடுங்கிய அந்த வடிவத்தை வாள் போட்டு அறுக்க ஆரம்பித்துவிட்டார். மரத்தூள் பறந்து என் தலையெல்லாம் மஞ்சளாக இருக்கும். தட்டிவிடாமல் அப்படியே தெருவுக்குப் போய் நிற்பேன், யாராவது கேட்கட்டும் என்று.

காந்தத்துக்காகத் தாம்பரம் மார்க்கெட்டில் ஸ்பீக்கர் ரிப்பேர் செய்கிறவரிடம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த ஆள் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்தார்.

"இன்னா சார், கித்தாரு வூட்லயே பண்றியா? அதெல்லாம் பேஜாரு புடிச்ச வேலை சார். கடைசில தொட்டில் கட்டி ஆட்டத்தான் ஆவும், சொல்டேன்."

"ஆட்டிக்கிறேன், நீ காந்தத்தைக் குடு" என்றார் அப்பா.

திரும்பி வரும்போது அந்தக் காந்தத்தை என் கையில் கொடுத்தார். என் பாவாடை ஊக்கு போய் அதில் ஒட்டிக்கொண்டது. "பாத்தியா கண்ணு, உன்ன வுட மாட்டேங்குது" என்று அப்பா சிரித்தார். என்னைக் கண்ணு என்று கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான்.

அதற்கப்புறம் அத்தை மகள் வந்தாள்.

அத்தையின் வீட்டுக்காரருக்கு வடக்கே எங்கேயோ மாற்றல் ஆகிவிட்டது. அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை. பொழிச்சலூர் வீட்டைக் காலி செய்துவிட்டு, என் வயதுள்ள ஒரே மகளை எங்கள் வீட்டில் விட்டுப் போனார்கள். அவளும் அஞ்சாவது முடித்தவள்தான். குதிரை வண்டியில் வந்து இறங்கினாள். கூடவே போர்வையில் சுற்றிய ஒரு வீணையும் இறங்கியது. அதை அப்பாவும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நோயாளியைத் தூக்குகிற மாதிரி மெதுவாக உள்ளே கொண்டு போனார்கள். என் கையில் அவளுடைய டிரங்குப் பெட்டியைக் கொடுத்தார்கள்.

அவளைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னோடு சண்டை போட்டிருந்தால், என் பொருளைப் பிடுங்கியிருந்தால், அம்மாவிடம் கோள் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் எல்லாரிடமும் நன்றாகப் பேசினாள். என் அம்மாவை "அத்தை, அத்தை" என்று கூப்பிட்டுக்கொண்டே சமையலறையில் சுற்றுவாள். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தால் முதலில் அவள் தலைக்குத்தான் வைப்பாள். "பெத்தவளப் பிரிஞ்சி வந்துகிது புள்ள" என்பாள். அவள் சடை என் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். எனக்கு மிச்சமிருக்கிற எண்ணெயைத் தடவும்போது அம்மாவின் கையில் வேகம் வந்துவிடும்.

கொட்டகைக்கு மட்டும் அவள் வரக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். வந்தாள்.

அன்றைக்குக் காயில் சுற்றுகிற வேலை. கிடார்க் கம்பிகளுக்குக் கீழே காந்தம் இருக்கும், அதைச் சுற்றித் தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்ற வேண்டும். கம்பி அதிர்வதை அதுதான் பிடித்து ரேடியோவுக்கு அனுப்பும். எரிந்துபோன ஏதோ பழைய கருவியிலிருந்து அப்பா அந்தக் கம்பியைப் பிரித்து வைத்திருந்தார். சுற்றுவதற்கு அம்மாவின் தையல் மெஷினைக் கொட்டகைக்குத் தூக்கி வந்தார். பாபினில் நூல் சுற்றுகிற சின்னச் சக்கரத்தில் காயிலை மாட்டிவிட்டு, அப்பா மெஷினின் கைப்பிடியைச் சுற்றுவார். நான் இரண்டு விரலுக்கு நடுவில் கம்பியை நழுவவிட வேண்டும். இறுக்கினால் அறுந்துவிடும். தளர்த்தினால் சிக்கிவிடும்.

என் கை வேர்க்கும். இன்றைக்கும் வேர்க்கும். வங்கியில் கையெழுத்துப் போடப் போனால் காகிதம் நனைந்துவிடும். அன்று அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார், வாசலில் அவள் நின்று பார்க்கிறாள், என் விரல் ஈரமாகிவிட்டது. கம்பி ஒட்டிக்கொண்டு இழுத்தது. அறுந்தது. அப்பா முனைகளை முடிச்சுப் போட்டு, ஈயம் வைத்து, மறுபடி சுற்றினார். மறுபடி அறுந்தது. பாவாடையில் கையைத் துடைத்தேன், தரை மண்ணை எடுத்துத் தேய்த்துக்கொண்டேன். மறுபடியும் அறுந்தது.

"கொஞ்சம் தள்ளு. அவ புடிக்கட்டும்" என்றார் அப்பா.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார், ஒரு திருப்புளியை வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கிற மாதிரி. அவள் டின்னில் உட்கார்ந்தாள். வீணைத் தந்தி பட்டுப் பட்டு அவள் விரல் நுனி காய்த்து, உலர்ந்து, பூண்டுத் தோல் மாதிரி இருந்தது. கம்பி அதற்குள் எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. சக்கரம் விர்ரென்று சுற்றியது. அறுந்துவிடு, அறுந்துவிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். அறுந்துபோகவில்லை.

"இது கை!" என்றார் அப்பா. "பாத்தியா, கண்ணு, எப்படிப் போவுது?"

கண்ணு என்றது யாரை என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் நிமிர்ந்தோம். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் எனக்குக் கொட்டகையில் வேலை இல்லை. யாரும் போகச் சொல்லவில்லை. உட்கார இடமில்லை, அவ்வளவுதான். அம்மா கையில் பாத்திரங்களைக் கொடுத்தாள். கொட்டகைச் சுவரை ஒட்டித்தான் நாங்கள் பாத்திரம் தேய்க்கிற கல். நான் சாம்பலும் புளியும் வைத்துத் தேய்த்துக்கொண்டே உள்ளே நடப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் கோடையில் வேறு எதையும் அத்தனை கவனமாக நான் செய்ததில்லை.

அடுத்து வந்த வேலையில்தான் அப்பா பெரிதாகத் தவறினார். கிடாரின் கழுத்தில் குறுக்குக் குறுக்காகச் சின்னப் பித்தளைக் கட்டைகள் இருக்கும். வீணையிலும் உண்டு, மெட்டு என்பார்கள். எந்த இடத்தில் விரலை வைத்தால் எந்தச் சுரம் வரும் என்பதை அவைதான் தீர்மானிக்கும். சீமைக் கிடாரில் மரத்தை அறுத்து, அந்தப் பள்ளத்தில் மெட்டை அடித்து இறக்கியிருப்பார்கள். ஆனால் எங்கே அறுப்பது? அந்தக் கணக்கு அப்பாவிடம் இல்லை. அளந்துகொண்டு வரலாம் என்றால் டிரைவர் வீட்டில் தொடவே விடவில்லை.

அப்போதுதான் அவர் கண் கூடத்தில் இருந்த வீணை மேல் விழுந்தது. வீணையில் மரத்தை அறுப்பதில்லை. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் விளக்குக் கரியையும் சேர்த்துக் காய்ச்சி, அந்தக் கறுப்பு மெழுகைக் கழுத்தில் பூசி, அதன்மேல் மெட்டுகளை உட்கார வைப்பார்கள். சுரம் தெரிந்தவர் தந்தியை மீட்டிக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு மெட்டையும் நகர்த்தி இடம் பார்ப்பார்.

"அளவே வேணாம்டா!" என்று அப்பா அண்ணனைப் பிடித்துக் குலுக்கினார். "காது போதும். நம்ம வூட்லயே காது கீது!"

குங்கிலியம் காய்ச்சிய வாசனை வீடு முழுக்கக் கோயில் மாதிரி அடித்தது. அம்மாவின் பால் சட்டி ஒன்று கறுத்துப் போய்க் கடைசி வரைக்கும் வெளுக்கவில்லை. கிடார்க் கழுத்தில் மெழுகைப் பூசிப் பித்தளைத் துண்டுகளைப் பதித்தார்கள். அத்தை மகள் வீணையில் ஒரு சுரத்தை மீட்டுவாள். அப்பா கிடாரில் அதையே மீட்டுவார். இரண்டும் ஒன்றாகும் வரை அவள் சொல்லச் சொல்ல மெட்டைத் தள்ளுவார்.

"கொஞ்சம் மேல, மாமா."

"இப்போ?"

"இன்னும் துளி. போதும், போதும். தாண்டிட்டீங்க."

இது சாயங்காலம் சாயங்காலமாக நடந்தது. வெளியே நான் தேய்த்துக்கொண்டிருப்பேன். முதலில் எனக்கு இரண்டு சத்தமும் ஒன்று போலத்தான் கேட்டது. அப்புறம், எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, வித்தியாசம் கேட்க ஆரம்பித்தது. இரண்டு சுரமும் சேராதபோது நடுவில் ஒரு நடுக்கம் இருக்கும், ஈ சிறகடிக்கிற மாதிரி. நெருங்க நெருங்க அது மெதுவாகும். சேர்ந்துவிட்டால் நின்றுவிடும். நான் கையில் இருக்கிற பாத்திரத்தை அசைக்காமல் நின்று கேட்பேன். "இன்னும் துளி" என்று மனசுக்குள் சொல்வேன். உள்ளே அவள் "இன்னும் துளி, மாமா" என்பாள். சில நாள் அவளுக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

ஒருநாள் அவள் "சரி மாமா" என்றாள். சரியில்லை. எனக்கு நடுக்கம் கேட்டது. இல்லை, இல்லை என்று வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் உள்ளேயிருந்து, "இருங்க மாமா, இன்னொரு வாட்டி மீட்டுங்க... இல்ல, கொஞ்சம் கீழ நிக்குது" என்று அவள் குரல் வந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்ததோ அவ்வளவு ஆத்திரமும் வந்தது. நான் முந்திவிட்டேன், அது யாருக்கும் தெரியாது. அப்பா என்னை ஒரே ஒருமுறை கேட்டால் போதும் என்று இருந்தது. "உனக்கு எப்படிக் கேக்குது?" என்று. அந்தக் கோடையில் நான் வேறெதற்கும் ஏங்கவில்லை.

கேட்டால்தான் சொல்ல வேண்டுமா? நீயே போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். உங்களில் வாய் உள்ளவர்களுக்கு அது புரியாது.

அதற்கு நடுவில் பள்ளிக்கூடப் பேச்சும் வந்தது. ஆறாவதுக்குத் தண்டவாளத்தைத் தாண்டி மேற்குப் பக்கம் போக வேண்டும். அம்மா தெருவுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொக்கி வைக்க, காஜா எடுக்க, வீட்டு வேலை பார்க்க ஒரு பெண் கூட இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஓர் இரவு சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "அக்கா பொண்ண நம்பி வுட்டுட்டுப் போயிருக்குது. அத படிக்க வைக்காம இருக்க முடியாது. நம்மளுது வாயே தொறக்காது. டீச்சர் கேட்டா நின்னுகினு அழுவும். வூட்லயே இருக்கட்டும்."

நான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அழவில்லை. அவள் பள்ளிக்கூடம் போய்விட்டால் கொட்டகையில் அந்த இடம் காலியாகும் என்று உடனே ஒரு கணக்குப் போட்டேன். பத்து வயதுப் பெண்ணின் கணக்கு. இன்றைக்கு நினைத்தால் எனக்கே அந்தப் பெண்ணை உலுக்க வேண்டும்போல இருக்கிறது.

கத்திரி வெயில் ஆரம்பித்தது. தகரக் கூரைக்குக் கீழே நடுப்பகலில் நிற்க முடியாது. மத்தியானம் எல்லாரும் கூடத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவார்கள். எனக்குத் தூக்கம் வராது. கிணற்றடியில் வாதாமர நிழலில் உட்கார்ந்திருப்பேன். மெட்டெல்லாம் வைத்து முடித்த கிடாரை அப்பா கொட்டகைக்குள் ஆணியில் மாட்டியிருந்தார், கூரைக்கு ஒரு முழம் கீழே. துலக்கின பாத்திரம் மாதிரி மின்னும். நான் வாசலில் நின்று பார்ப்பேன். உள்ளே போகமாட்டேன்.

ஒரு சாயங்காலம் அண்ணன் சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். ரேடியோவின் முதுகில் ஒயரைச் செருகி, கிடாரை மடியில் வைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒரு சினிமாப் பாட்டை ஆரம்பித்தான். முதலில் நன்றாக வந்தது. அந்தச் சத்தம் ரேடியோவிலிருந்து கிளம்பியதும் எனக்குப் புல்லரித்தது. அப்புறம் ஏதோ பூனையை மிதித்த மாதிரி வந்தது.

"இன்னா மச்சான், கித்தாரு அழுவுது?" என்றான் ஒருவன். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணன் முகம் செத்துவிட்டது.

அப்பா கிடாரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மெட்டுகள் கோணலாக இருந்தன. யாரோ விரலால் தள்ளிவிட்ட மாதிரி ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவர் மெதுவாக நிமிர்ந்தார். யாரையும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மத்தியானமெல்லாம் இவ ஒருத்திதான் வெளிய சுத்திகினு இருந்தா" என்றாள் அம்மா. "அவ வந்த நாள்லேர்ந்து மூஞ்ச பாருங்க. பொறாமை புடிச்ச கழுதை."

பொறாமை என்ற சொல்லைக் கேட்டதும் என் முகம் சிவந்துவிட்டது. அது உண்மையாயிற்றே. கிடாரைத் தொடவில்லை என்று சொல்ல வேண்டிய வாய், பொறாமை இருக்கிறது என்று நினைத்துக் கூசி மூடிக்கொண்டது. நான் வாய் திறக்காததை, தப்பை ஒப்புக்கொண்டதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்பா அடிக்கவில்லை. கொட்டகைக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தார். எங்கள் வீட்டு வாசல் கதவுக்கே பூட்டு கிடையாது. என்னை உத்தேசித்து வாங்கிய அந்தப் பூட்டைத் தினமும் பார்த்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன்.

அவர்கள் மறுபடி உட்கார்ந்து எல்லா மெட்டையும் சரிசெய்தார்கள். "கொஞ்சம் மேல, மாமா" என்று மறுபடி. பூட்டினார்கள். சாவி அப்பாவின் இடுப்பில். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு சாயங்காலம் திறந்தபோது மெட்டுகள் மறுபடி சாய்ந்திருந்தன.

அப்பாவின் கண் என்னைத் தேடியது. நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன், சாவி அவர் கையில் இருக்கிறது, அப்போதும் என்னைத்தான் தேடினார்.

அப்போது அத்தை மகள் முன்னால் போய், மெழுகில் விரலை வைத்து அழுத்தினாள். அவள் விரல் தடம் அப்படியே பதிந்தது.

"மாமா, இவ தொடவே இல்ல. இங்க பாருங்க, மெழுகு இளகிக் கெடக்கு. தகர சூட்டுக்கு உருகி, தந்தி அழுத்த அழுத்த மெட்டு ஓடிப் போவுது. எங்க வீணையக் கூடத்துல வெச்சிருக்கோம், அதான் ஒண்ணும் ஆவல. பாவம், இவளப் போயி திட்டினீங்களே."

அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். வீணைக்காரர்கள் குங்கிலியத்தைக் கூடுதலாகப் போடுவார்கள், அப்பா கையில் கிடைத்த அளவுக்குப் போட்டிருக்கிறார். போதாக்குறைக்குத் தகரத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறார். "இத்தினி வருசம் எலக்ட்ரிக் வேலை பாக்குறேன், சூடுன்னா இன்னான்னு எனக்குத் தெரியல பாரு! காது மட்டும் இல்லடா, புத்தியும் கீது இந்தப் பொண்ணுக்கு!"

என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறந்துவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை, மறதிதான். அன்று கடைத்தெருவுக்குப் போய் இரண்டு தேங்காய் பன் வாங்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்தார். இரண்டும் ஒரே அளவு. என் பங்கை நான் தெருவில் மேய்ந்த ஓர் ஆட்டுக்குப் போட்டேன். என்மேல் குற்றமில்லை என்பதைக்கூட அவள் வாயால்தான் வாங்க வேண்டியிருந்ததே, அதை விழுங்க முடியவில்லை. அவள் பொய்க்காரியாக இருந்திருக்கக் கூடாதா? சும்மா நின்று வேடிக்கை பார்த்திருக்கக் கூடாதா? படுக்கையில் அவள் என் பக்கம் திரும்பி, "நீ ஏன் சொல்லல? வாய் இருக்குல்ல?" என்று கேட்டாள். நான் தூங்குகிறவள் மாதிரி மூச்சு விட்டேன்.

அவள் பிறகு நிறையப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றாள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். நான் ராஜகீழ்ப்பாக்கம் பிளாட்டின் பால்கனியில் நின்றுகொண்டு பேசுவேன். முட்டிவலிக்கு என்ன தைலம், யார் பேத்திக்குக் கல்யாணம், இதுதான் பேச்சு. நல்லவள். போனை வைத்த பிறகு அரை மணி நேரம் எனக்கு யாரோடும் பேசப் பிடிக்காது. என் வீட்டுக்காரர் இருந்தவரை, "உங்க அத்தை பொண்ணா?" என்று முகத்தைப் பார்த்தே கேட்டுவிடுவார். கிடாரை அண்ணன் சில கச்சேரிகளில் வாசித்தான். வேலை கிடைத்து வெளியூர் போனபோது சிநேகிதனிடம் கொடுத்தான், சிநேகிதன் யாரிடமோ கொடுத்தான். அம்மாவின் அலமாரிக்குக் கடைசிவரை சேலைதான் கதவு.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மெழுகு சரிப்படாது என்று தெரிந்ததும், ஒருநாள் விடியற்காலைக் குளிர்ச்சியில் கடைசித் தடவையாக எல்லா மெட்டையும் அவள் காதால் சரிபார்த்து, ஒவ்வொன்றின் இடத்திலும் அப்பா ஊசியால் கோடு கீறிக்கொண்டார். பிறகு மெழுகையெல்லாம் சுரண்டி எறிந்துவிட்டு, அந்தக் கோடுகளில் ரம்பம் போட்டு மரத்தை அறுத்தார். பித்தளையை அடித்து இறக்க வேண்டும். அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அவள் நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை போட்டு, புதுப் புத்தகப் பையோடு தண்டவாளத்தைத் தாண்டிப் போனாள். நான் தெருமுனை வரை போய் வழியனுப்பினேன். திரும்பி வந்து கொட்டகை வாசலில் நின்றேன்.

"உள்ள வா. இதப் புடி" என்றார் அப்பா.

கிடாரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு மெட்டாக அடித்து இறக்கினார். அடி என் கையெலும்பு வரை வந்தது. கை வேர்த்தது, மரத்துக்கு அது ஒன்றும் செய்யவில்லை. அன்று அப்பாவுக்கு வார விடுமுறை. கடைசி மெட்டு இறங்கியதும் கம்பியைக் கட்டி, ரேடியோவில் செருகினார். வீணையையும் எடுத்து வரச் சொன்னார். முதன்முதலாக நான் அதைத் தூக்கினேன். அவரே வீணையில் ஒன்று மீட்டினார், கிடாரில் அதையே மீட்டினார். ஒன்று, அடுத்தது, அடுத்தது. எல்லாம் போய் ஒட்டிக்கொண்டன. நடுக்கமே இல்லை. நடுவில் ஒரு மெட்டு வந்தது. ஈ சிறகடித்தது.

அப்பா நிறுத்தினார். என்ன நினைத்தாரோ, என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்படிக் கேக்குது?"

என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில் எனக்கு என் குரலே கேட்கவில்லை. ஆனால் சொன்னேன். "அந்த ஒண்ணு மட்டும் சேரல, அப்பா. கீழ நிக்குது. மயிரிழைதான்."

அப்பா என்னை வியப்போடு பார்த்தார். மறுபடி மீட்டினார். காதைச் சாய்த்தார். அவருக்குக் கேட்கவில்லை. "அப்படியா சொல்ற?" என்றார். "உனக்கு எப்படித் தெரியும்?"

சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது? ஒட்டுக்கேட்டேன் என்று ஆகிவிடாதா? தரையைப் பார்த்தேன்.

அப்பா சிரித்தார். அன்பாகத்தான் சிரித்தார். என் தலையில் கையை வைத்து ஆட்டினார். "அவ வரட்டும். கேட்டுக்கலாம்."

சாயங்காலம் அவள் வந்தாள். விரலெல்லாம் மசி. பையைக்கூட இறக்காமல் கொட்டகை வாசலில் நின்றாள். அப்பா மீட்டினார். நடு மெட்டு வந்ததும் அவள் கையைத் தூக்கினாள்.

"அது மட்டும் சேரல மாமா. துளி கீழ நிக்குது."

"சபாஷ்! அதானே பாத்தேன்! எனக்கும் என்னவோ மாதிரிதான் இருந்துச்சி!" அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அந்த மெட்டைப் பிடுங்க ஆரம்பித்தார். நான் சொன்னது அவர் நினைவில் இல்லை. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எங்காவது இருக்கிறதா என்று. இல்லை.

நானும் அதைத்தான் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன்.

"இட்லிக்கு ஊறிப் போய்க் கெடக்குது, இன்னாடி பண்றே அங்க?" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்தினாள்.

போனேன். ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து குழவியைச் சுற்ற ஆரம்பித்தேன். கருங்கல்லோடு கருங்கல் உரசுகிற சத்தம் உங்களுக்குத் தெரியும், காதை அடைத்துவிடும். கொட்டகையில் அவர்கள் அந்த மெட்டைச் சரிசெய்து மீட்டியிருப்பார்கள். சேர்ந்திருக்கும். எல்லாரும் கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை.